நுரை அடங்கட்டும்

“இந்தாம்மா, இங்க வா. இது ஒரு லிட்டரா? நீயே சொல்லு.”

கோர்பினியன் மறுபடியும் ஆரம்பித்துவிட்டார். பக்கத்தில் இருந்த லியோவுக்கு மேசைக்கு அடியில் புகுந்துகொள்ளலாமா என்றிருந்தது.

மியூனிக் பீர் திருவிழாவுக்கு வருஷம் தவறாமல் ஒன்றாக வரும் நண்பர்கள் அவர்கள். லியோ பேக்கரி வைத்திருப்பவர். கூட அவர் தங்கை ஆஃப்ரா. கோர்பினியன் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் அல்பத்தனம் இதுவரை கிடையாது. இந்த வருஷம் மனிதருக்கு என்ன பிடித்ததோ!

கூடாரம் நிறைய கூட்டம். பேண்டு சத்தம் காதைப் பிளக்கிறது. பரிமாறுகிற கிட்டாவுக்கு நாற்பது வயதிருக்கும். ஒவ்வொன்றும் ஒரு லிட்டர் பிடிக்கிற கண்ணாடி மக்குகளை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு ஓடுகிறாள். அவளை நிறுத்தி வைத்துத்தான் இவர் நியாயம் கேட்கிறார்.

“நுரையா இருக்குங்க. அடங்கினா லிட்டர் கோட்டுக்கு வந்துடும்” என்றாள் கிட்டா.

“அடங்கட்டும். நீயும் உட்காரு. நின்னுக்கிட்டுப் பாத்தா கோடு சரியாத் தெரியாது.”

அவள் பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்தாள். பால் பொங்கக் காத்திருப்பவர்கள் மாதிரி இருவரும் மக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நுரை மெதுவாக இறங்கியது. பீர் கோட்டுக்குச் சரியாக நின்றது.

“சரி, போ” என்றார் கோர்பினியன். ஒரு மன்னிப்பு? மூச்!

அடுத்த மக்கிலும் இதே கதை. அதற்கடுத்ததிலும்.

பக்கத்து மேசையில் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஆஃப்ராவுக்குப் பொறுக்கவில்லை.

“அவ திருப்பிப் பேச முடியாதுன்னுதானே இந்த ஆட்டம் ஆடுற?”

“காசு குடுக்கறோம்ல? அளந்து பாத்தா என்ன தப்பு?” கோர்பினியன் நிதானமாகக் கோழிக் காலைக் கடித்தார்.

லியோவின் கவலை வேறு. மேலே மாடத்தில் சூப்பர்வைசர் நின்று மேசை மேசையாக நோட்டம் விட்டுக்கொண்டிருந்தார். முதல் மக்கு கொண்டுவந்தபோதே கிட்டா பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். இந்தத் திருவிழாச் சம்பாத்தியத்தில்தான் அவள் வீட்டில் குளிர்காலம் ஓடவேண்டும். கொஞ்சம் சுணங்கினாலும் போதும், அவள் வேலைக்கு வெளியே ஆள் காத்திருக்கிறது. இதெல்லாம் தெரிந்தும் ஒருவன் இப்படிப் புகார் சொல்வானா? அடுத்த வருஷம் இவனோடு வருவதில்லை என்று லியோ மனதுக்குள் முடிவே செய்துவிட்டார்.

நாலாவது மக்கு வந்தது. கோர்பினியன் மறுபடி அவளை உட்காரச் சொன்னார். பயந்தபடியே ஆயிற்று. சூப்பர்வைசர் இறங்கி வந்துவிட்டார்.

கிட்டா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“என்ன பிரச்சினை இங்க? இவ சரியில்லையா? வேற ஆளை அனுப்பட்டுமா?”

லியோ பதறி எழுந்தார். “சார், அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. எங்க ஆளுதான் சும்மா சும்மா அவங்களைக் கூப்பிட்டு உக்கார...”

மேலே பேச முடியவில்லை. கோர்பினியனின் கனத்த பூட்ஸ் அவர் காலை நசுக்கிக்கொண்டிருந்தது.

“பிரச்சினை பீப்பாயில. நுரையா ஊத்தித் தள்றாங்க. இந்தம்மா ஒருத்திதான் பொறுமையா உக்காந்து அளந்து காட்டுறா. ஆளை மாத்தினா, அப்புறம் ஒவ்வொரு மக்குக்கும் உங்களைத்தான் கூப்பிடுவேன்” என்றார் கோர்பினியன்.

சூப்பர்வைசர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு கிறுக்கனோடு மல்லுக்கட்ட அவருக்கு ஏது நேரம்!

“இவருக்குத் திருப்தி ஆகுற வரைக்கும் நீ இங்கயே இரும்மா” என்று கிட்டாவிடம் சொல்லிவிட்டு மாடமேறிப் போய்விட்டார்.

லியோ காலைத் தேய்த்துக்கொண்டே சீறினார். “நீயெல்லாம் மனுஷனாடா?”

கிட்டா மெல்ல உட்கார்ந்து, மேசைக்கு அடியில் ஷூவிலிருந்து ஒரு காலை உருவினாள். கணுக்கால் புசுபுசுவென்று வீங்கியிருந்தது.

“காலைல படியில பிசகிடுச்சுங்க” என்றாள், மக்கிலிருந்து கண்ணை எடுக்காமலே. “நொண்டுறேன்னு தெரிஞ்சா இப்பவே அனுப்பிடுவாங்க. சும்மா உக்காரவும் முடியாது. கஸ்டமர் உக்காத்தி வச்சாத்தான் உண்டு.”

ஆஃப்ரா கோர்பினியனைத் திரும்பிப் பார்த்தாள்.

“பஸ்ஸுல ஏறுறவங்கள்ல யாருக்கு உட்கார இடம் வேணும்னு பாத்துப் பாத்தே பழகிட்டேன். அவ்வளவுதான்” என்றார் அவர், சங்கடத்தோடு.

லியோவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. நல்லவேளை, நண்பன் பழைய நண்பனாகவேதான் இருக்கிறான். அந்த மிதி மட்டும் விழாதிருந்தால் இந்நேரம் தன் வாயாலேயே அவளை வீட்டுக்கு அனுப்பியிருப்பாரே!

மக்கில் நுரை அடங்கிவிட்டது. கிட்டா ஷூவை மாட்டிக்கொண்டு எழப் போனாள்.

லியோ சட்டென்று, பாதி குடித்து வைத்திருந்த தன் மக்கை அவள் முன்னால் நகர்த்திவிட்டு, மாடம் வரைக்கும் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினார்.

“எங்கம்மா போற? உட்காரு. என் மக்குலயும் அளவு குறையுது.”