பக்கத்து இடம்

"இத எழுதினது யாரு? எனக்கு இப்பவே தெரிஞ்சாகணும்."

ஐந்தாம் வகுப்பு வாசலில் நின்று கத்தினார் லிஃப்ட் மெக்கானிக். தோளில் கருவிப் பை, சட்டையெல்லாம் கிரீஸ். தடுக்கப் பார்த்த வாட்ச்மேன் மூச்சிரைக்கப் பின்னாலேயே வந்தான். அவனுக்கும் பின்னால் தலைமை ஆசிரியை.

கரும்பலகையில் பாதிப் பாடம். 'இது குடை. இதை அண்ணன் வாங்கினான்.' இரண்டு வாக்கியத்தையும் ஒன்றாகச் சேர்த்து, 'இது அண்ணன் வாங்கிய' வரைக்கும் எழுதியிருந்த ஒல்லிப் பெண் ஒருத்தி, சாக்பீஸோடு அப்படியே நின்றுவிட்டாள்.

அவள் பக்கத்தில் டீச்சர். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. இன்னும் தற்காலிகம்தான்.

"வெளிய போய்ப் பேசலாம் சார்."

"எதுக்கு? என் பொண்ண இத்தனை பிள்ளைங்க முன்னாடி அவமானப்படுத்துவீங்க, நான் மட்டும் வெளிய வந்து குசுகுசுன்னு பேசணுமா?"

காலையில் மகள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று ஒரே அழுகை. காரணம் கேட்டால் வாயே திறக்கவில்லை. அவளை அதட்டி அனுப்பிய பிறகுதான் கட்டிலடியில் அந்தத் துண்டுச் சீட்டைப் பார்த்தார். வேலைக்குப் போயும் கை ஓடவில்லை. பெற்ற வயிறு மட்டுமா எரியும், அப்பனுக்கும் எரியாதா?

சீட்டைப் பிரித்தார். வகுப்புக்கே கேட்கும்படி படித்தார்.

"'இவள் யாருமே பக்கத்தில் உட்கார விரும்பாத பெண்.' இதுதான் நீங்க சொல்லிக் கொடுக்கிற பாடமா? எழுத்து மட்டும் அச்சடிச்ச மாதிரி அழகா இருக்கு. எழுதின மனசுதான் அழுக்கு."

சாக்பீஸ் கீழே விழுந்து உடைந்தது.

மூன்றாவது பெஞ்சில் இருந்த அவர் மகள் நிமிரவே இல்லை.

டீச்சர் குனிந்தார். உடைந்த துண்டைப் பொறுக்கி அந்த ஒல்லிப் பெண்ணின் கையிலேயே கொடுத்தார். பிறகு நிமிர்ந்தார்.

"நான்தான் சார் எழுதினேன்."

"ஏன்?"

"உதாரணத்துக்கு. யாரையும் மனசுல வெச்சு எழுதல. இந்த வகுப்புல அப்படி ஒரு பொண்ணே இல்ல. எழுதினது தப்புதான், மன்னிச்சிடுங்க."

"தப்புன்னு சொல்லிட்டா ஆச்சா? இவங்க இங்க இருந்தா என் பொண்ணு இந்தப் பக்கமே வரமாட்டா. நான் மேலிடம் வரைக்கும் போவேன்."

மேலிடம் என்றதும் தலைமை ஆசிரியைக்கு வியர்த்துவிட்டது. "நாளையிலிருந்து நீங்க வர வேண்டாம்" என்றார் டீச்சரிடம். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த டீச்சர், மேஜை மேலிருந்த பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மெக்கானிக்குக்கு நெஞ்சு கொஞ்சம் ஆறியது. கடிதத்தைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, மகளைக் கையோடு அழைத்துக்கொண்டு கிளம்பினார்.

"இனிமே உன்னை ஒரு வார்த்தை சொல்ல எவளுக்கும் தைரியம் வராது. ஏன் இன்னும் அழற?"

"அது என்னைப் பத்தி இல்லப்பா."

"பின்ன?"

"நான் எழுதினது."

அவர் நின்றார்.

"கூடப் படிக்கிறவங்களப் பத்தி ரெண்டு வாக்கியத்த ஒண்ணா சேர்த்து, பேர் போடாம எழுதி டப்பாவுல போடச் சொன்னாங்க. டீச்சர் ஒவ்வொண்ணா எடுத்துப் படிப்பாங்க, அது யாருன்னு நாங்க சொல்லணும். நான் புதுசா வந்த பொண்ணப் பத்தி எழுதினேன். டீச்சர் அத மட்டும் படிக்கல. யாருக்கும் தெரியாம என்கிட்ட திருப்பிக் கொடுத்து, நாளையிலிருந்து ஒரு வாரம் அவ பக்கத்துல உட்காரு, அப்புறம் வேற எழுதிட்டு வான்னாங்க. அதான் இன்னைக்குப் போகமாட்டேன்னேன்."

"பொய் சொல்லாத. அந்த எழுத்து..."

"என்னோடதுதான்ப்பா. போன வருஷம் கையெழுத்துக்குப் பரிசு வாங்கினேனே. நீங்கதான் வரல."

சட்டைப் பையில் கடிதம் உறுத்தியது. அவருக்குக் கோபம் அடங்கவில்லை. யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

"இதை அந்தம்மா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. எதுக்குத் தான் எழுதினதா சொல்லி, இருந்த வேலையையும் விடணும்?"

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"எப்படிப்பா சொல்வாங்க? நீங்க அதைச் சத்தமாப் படிச்சப்ப, சாக்பீஸோட நின்னுட்டிருந்ததே அவதான்."