செவ்வாய்க் கிரகத்துக் கவர்னர்

கூடத்தில் இருந்தவர்கள்: சக்கர நாற்காலியில் அப்பா, அவர் பக்கத்தில் அம்மா, மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் அக்கா, அதே மருத்துவமனையில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிற ஒருவர், கடைசியாகச் சின்னவன். வாசலோரம் சின்னவனின் நீலப் பெட்டி, வயிறு புடைக்க அடைத்துப் பூட்டி வைக்கப்பட்டிருந்தது.

பெட்டியைப் பார்த்ததுமே அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. கிடங்கில் ராத்திரி வேலையை உதறிவிட்டு வந்ததிலிருந்து இந்த நாளைத்தான் எதிர்பார்த்திருந்தான். உட்கார்ந்து தின்கிறவனை அக்கா எத்தனை காலம்தான் சுமப்பாள்? எங்கேயோ ஒரு வேலையைப் பிடித்து, அனுப்பி வைக்க ஆளையும் வண்டியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

மடிக்கணினியை மூடப் போனான். ஓட்டுநர் கையமர்த்தினார்.

"இருக்கட்டும் தம்பி. என்ன விளையாட்டு இது?"

"ஊரைக் கட்டுற விளையாட்டு. செவ்வாய் கிரகத்துல."

"எங்க கவர்னர் துரை," என்றார் அப்பா. "செவ்வாய்க்கே தண்ணி விடுவாரு. நம்ம வீட்டுக் குழாய்தான் ஒழுகிட்டே கிடக்கும்."

ஓட்டுநர் சிரிக்கவில்லை. "கொஞ்சம் சொல்லுங்களேன், கேப்போம்."

இந்த வீட்டில் இதுவரை யாரும் கேட்காதது. தூக்கில் போடுவதற்கு முன்னால் கடைசி ஆசையைக் கேட்கிற மாதிரிதான் இருந்தது. ஆனாலும் சின்னவனின் வாய் தானாகத் திறந்துகொண்டது.

கண்ணாடிக் குமிழிக்குள் வீடுகள். காற்று, தண்ணீர், சூடு எல்லாம் குழாய் வழியாகத்தான் வர வேண்டும். ஒரு குழாய் வெடித்தால் பாதி ஊருக்கு மூச்சு முட்டும். கணக்காகத் திட்டம் போட்டால் வெறும் செம்மண்ணில் விளக்கு விளக்காக ஊர் முளைக்கும். அதைப் பார்க்கிற சுகமே தனி என்றான்.

"குறையே கிடையாதா?"

"ஏன் இல்ல? ஆளுங்கதான் குறை. பட்டறைல ஆள் இல்லாம மிஷின் நிக்கும். ஒருத்தன் பூங்கால செடியை வெறிச்சுப் பார்த்துட்டு நிப்பான். நாமதான் புடிச்சுத் தள்ளணும்."

"யாரு, உனக்குச் சொந்தக்காரனா?" என்றார் அப்பா.

சின்னவனுக்குக் காது சுட்டது. அவசரமாகப் பேச்சைத் திருப்பினான். "அதுகூடப் பரவால்ல. இருக்கிறதிலேயே நல்லா வேலை செய்யிற இன்ஜினீயர் ஒருத்தி இருந்தா. மொத்தக் காத்து மிஷினையும் அவதான் பார்த்துக்கிட்டா. நேத்து திடுதிப்புன்னு பூமிக்குப் போற ராக்கெட்ல ஏறிட்டா. ஒரு எச்சரிக்கை கிடையாது. இதைவிட மோசமான குறை உண்டா?"

"எச்சரிக்கை வந்திருக்கும்." அதுவரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த அக்கா திரும்பினாள். "நீ பார்த்திருக்க மாட்டே."

"மூலைல பொடிசா என்னமோ சிவப்பா மினுக்குச்சு. அதையெல்லாம் எவன் பார்ப்பான்?"

"அப்புறம் என்ன பண்ணினே?"

"பழைய ஆட்டத்தைச் சேமிச்சு வெச்சிருந்தேன். அங்கேருந்து மறுபடி ஆரம்பிச்சுட்டேன்."

"குடுத்து வெச்சவன்டா நீ," என்றாள் அக்கா.

ஓட்டுநர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "நேரமாச்சு அத்தை," என்றார் அம்மாவிடம். அம்மா மூக்கை உறிஞ்சினாள்.

கழுத்தைப் பிடித்துத் தள்ளும்வரை காத்திருப்பானேன்? சின்னவன் செருப்பை மாட்டிக்கொண்டு பெட்டியைத் தூக்கினான். கல்லாய்க் கனத்தது. வாசற்படியைத் தாண்டி நின்று, யார் முகத்தையும் பார்க்காமல் பேசினான்.

"நான் யாரையும் குத்தம் சொல்லல. தின்னுட்டுத் தின்னுட்டு உங்களுக்கே பாரமா இருந்தேன். வெக்கமாத்தான் இருக்கு. போற இடத்துலயாவது ஒழுங்கா இருப்பேன்க்கா."

அப்பாகூட நக்கலடிக்கவில்லை.

ஓட்டுநர் அவன் கையிலிருந்து மெல்லப் பெட்டியை வாங்கிக்கொண்டு படியிறங்கினார். அக்கா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"நீ எங்கடா போறே?"

சின்னவன் விழித்தான்.

"எங்க கல்யாணப் பதிவுக்கு வந்து கையெழுத்துப் போடுறியான்னு கேட்டேன். 'அப்புறம்'னே. இவருக்கு வேற ஊருக்கு மாத்தல், நானும் போறேன்னேன். 'ம்'னே. உன் பெட்டியை எடுத்துக்கவான்னேன். அதுக்கும் 'ம்'னே. காதுல ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு, திரையை விட்டுக் கண்ணை எடுக்காம."

அக்கா அவன் தோளைப் பிடித்துத் திருப்பி, செருப்புக் காலோடு, வீட்டுக்குள் தள்ளினாள்.

கதவு சாத்திக்கொண்டது. தினமும் வேலைக்குக் கிளம்பும்போது அவன் தூக்கம் கெடாமல் வெளியிலிருந்தே பூட்டிப் பழகிய அக்காவின் கை, இன்றும் அப்படியே பூட்டியது. கதவின் அடியிடுக்கு வழியாகச் சாவி சறுக்கிக்கொண்டு உள்ளே வந்தது. பின்னாலேயே அக்காவின் குரல்.

"அப்பாவை பாத்ரூமுக்குத் தூக்கிட்டுப் போடா, நேரமாச்சு!"