நர்மதா பிறந்த வருஷம்

ராயபுரம் பிரவுசிங் சென்டர் வாசலில் மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு பூவம்மா உள்ளே வந்தாள்.

"டிவி சீரியல் நடிகை நர்மதா பொறந்த வருஷத்தை மறுபடியும் மாத்திட்டானுங்க, நைனா. எழுபத்தாறுன்னு போடு."

சென்டரைப் பார்த்துக்கொள்ளும் பாரி இணையக் கலைக்களஞ்சியத்தைத் திறந்தான். நர்மதாவின் பக்கத்தில் 1981 என்றிருந்தது.

"அஞ்சு வயசு கொறச்சிக்கினா உனக்கு இன்னாக்கா பேஜாரு? அவுங்க ஆளுங்க திரும்ப மாத்தத்தான் போறாங்க."

"மாத்தட்டும். நானும் தெனம் வருவேன்."

"அந்தப் பொண்ணு மேல அப்படி இன்னா காண்டு?"

"அடுத்த வரியைப் படி."

பாரி படித்தான். "தந்தை தேசப்பன், 1978இல் கடலில் இறந்தார்."

"எம் புருசன் செத்து மூணு வருஷம் கழிச்சி இவள யாருக்குப் பெத்தேன்னு காசிமேட்டுல கேக்குறாளுங்க. போடுடா, எழுபத்தாறு."