பந்தியில் ஓர் இடம்

கட்கித் தமிழ்க் கிறிஸ்தவ சபையின் அசன விருந்து, ஆராதனை முடிந்து எல்லாரும் ஒரே பந்தியில் உண்பது. தகரப் பந்தலின் துளைகள் வழியே மதிய வெயில் தையல் இலைகள் மேல் பொட்டுப் பொட்டாக விழுகிறது. லோணாவளா லோக்கல் ரயில் கடக்கும்போது தகரம் அதிர்கிறது. நான் கறிக்குழம்பு வாளியோடு நிற்கிறேன். எங்கள் குடும்பத்தார் பரிமாறுவோம். பந்தியில் உட்காருவதில்லை, வீட்டுக்குப் போய்த்தான் சாப்பிடுவோம். என் தகப்பனார் காலத்திலிருந்து அது எங்கள் கௌரவம். இன்று காலை தன் முதல் பிரசங்கத்தைச் செய்த என் மகள் பியூலாவை இலை முன் உட்கார்ந்திருக்கும் சபை மூப்பர் ஞானாபரணம் மடக்குகிறார். "யூதர்கள் நற்கிரியையால பரலோகம் சம்பாதிக்கப் பார்க்கலைன்னுட்டியே தாயீ. அப்போ, விசுவாசத்தாலதான் நீதிமான்னு பவுல் யாருகிட்ட சண்டை போட்டாரு?" சோற்றுக் கூடையை இடுப்பில் இடுக்கியபடி அவள் சொல்கிறாள்: "எகிப்துலேருந்து மீட்ட பிறகுதானே மாமா, ஆண்டவர் கட்டளையைக் கொடுத்தாரு? கிருபை அவங்களுக்கும் முதல்லயே உண்டு. பவுல் சண்டை போட்டது பேதுருகிட்ட. யூதரல்லாத புறஜாதியாரோட சாப்பிட்டுட்டிருந்தவர் பந்தியை விட்டு விலகிட்டாரே, அதுக்கு." "நல்லாருக்கே! உங்க அப்பா பந்தியில உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லையே, அவரை என்ன செய்ய?" பந்தியே சிரிக்கிறது. பியூலாவின் முகம் சிவக்கிறது. எனக்காகப் பரிந்து பேச வாயெடுக்கிறாள். காலையில் சொன்னதை அவளே விழுங்கிவிடுவாள் போலிருக்கிறது. சொன்ன சொல்லை விழுங்குவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. வாளியைக் கீழே வைக்கிறேன். "கொஞ்சம் தள்ளி உட்காரும், ஞானாபரணம்." அவர் தோளைப் பிடித்துச் சம்மணமிடுகிறேன், முதுகு வளையவில்லை. பியூலா என் முன் இலை போட்டுத் தண்ணீர் தெளிக்கிறாள். "சோறு போடு பிள்ள. இவருக்கு வச்ச அளவே எனக்கும் வை."