தினகரனுக்குக் கால் வலி

"பாருங்க, பாருங்க! பாலத்து மேல நின்னுக்கினு எப்டி பல்லக் காட்டுறா பாருங்க!"

பரிமளா செல்போனைக் கணவர் தினகரனின் மூக்குக்கு நேராக நீட்டினாள். சுதாவின் ஸ்டேட்டஸ். பிராக் நகரத்துப் பழைய பாலம், பின்னால் கோபுரம், நடுவில் சுதா. சுடிதார் வேறு! உத்திரமேரூர் கடைத்தெருவில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடக்கிறவளாக்கும்.

"நல்லாத்தான கீது," என்றார் தினகரன்.

"கீது, கீது. நான் நின்னுருக்க வேண்டிய எடம், நல்லா இல்லாம போவுமா?"

எரிச்சலில் நியாயம் இருந்தது. தினகரனும் சுதாவின் கணவர் ஜெகனும் பஜாரில் எதிரெதிரே மோட்டார் பம்பு கடை வைத்திருக்கிறார்கள். இந்த வருஷம் இரண்டு பேருமே கம்பெனி சொன்ன அளவுக்கு மேல் விற்றுவிட்டார்கள். பரிசு, ஜோடியாக வெளிநாட்டுப் பயணம். இரண்டு ஜோடிக்கும் ஒரே முகூர்த்தத்தில்தான் கல்யாணம் நடந்தது. இருபத்தைந்தாவது கல்யாண நாளும் அந்தப் பயணத்திலேயே வந்து விழுந்தது. பரிமளா ஸ்வெட்டர்கூட வாங்கிவிட்டாள்.

அப்புறம்தான் தினகரன் கையை விரித்தார்.

"அந்த ஊர்ல தெருவெல்லாம் கல்லு பாவி வச்சிகீறான். பஸ்ஸு உள்ள போவாதாம். பூரா நடைதான்னு கம்பெனிக்காரன் சொல்றான். என் காலு தாங்காது பரிமளா."

முடிந்தது கதை. சுதா பிராக்குக்குப் பறந்தாள். பரிமளாவுக்குக் கல்யாண நாளுக்குக் கிடைத்தது, பைக்கில் பழையசீவரம் மலைக்கோயில்.

வயிறு எரியாமல் என்ன செய்யும்?

படியேறும்போதும் அதே கூத்துதான். பாதி வழிகூட வரவில்லை, தினகரன் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அப்பாடா! கொஞ்சம் உக்காரு பரிமளா. காலு விண்ணு விண்ணுங்குது."

"இதே வேலையாப் போச்சு உங்களுக்கு." சுவரைப் பிடித்தபடி அவளும் உட்கார்ந்தாள். மூச்சு அடங்கியதும் ஆரம்பித்தாள். "ஜெகனுக்கும் உங்க வயசுதான? மனுஷன் பொண்டாட்டி கையப் புடிச்சிக்கினு தெருத்தெருவா சுத்துறாரு. எனக்கும் வாச்சுதே!"

"இன்னா பண்றது, என் காலு அப்டி."

"என் காலுக்கு இன்னா கொறச்சல்? நானா இருந்தா அந்த ஊரையே ஒரு சுத்து சுத்திட்டு வந்துருப்பேன். உங்களால என் பாஸ்போர்ட்டு பீரோவுல தூங்குது."

தினகரன் முட்டியை நீவிக்கொண்டே எழுந்தார்.

அவர் அங்கங்கே உட்கார, அவள் அங்கங்கே திட்ட, எப்படியோ நரசிம்மரைப் பார்த்துவிட்டார்கள். கண்ணை மூடினாலும் பரிமளாவுக்கு அந்தப் பாலம்தான் தெரிந்தது. 'அவ போனு தண்ணியில விழணும் சாமி' என்று வாய் வரைக்கும் வந்தது. சந்நிதியாயிற்றே என்று முழுங்கிக்கொண்டாள்.

மண்டபத்தில் உட்கார்ந்து மறுபடியும் ஸ்டேட்டஸ். இப்போது ஜெகன் நடுத்தெருவில் சுதாவுக்கு ஐஸ்கிரீம் ஊட்டுகிறார்.

"ச்சீ, வயசுக்கேத்த வேலையா இது?" என்றாள். சொல்லிவிட்டு இன்னொரு தரம் பார்த்தாள்.

கீழே இறங்கி, பூக்கடை சரசுவிடம் விட்டிருந்த செருப்பை மாட்டும்போதுதான் கை காலியாக இருப்பது தெரிந்தது.

"ஐயையோ, என் போனு! மண்டபத்துலயே வச்சிட்டேங்க!"

பதறிக்கொண்டு திரும்பிப் படியில் கால் வைத்தாள். முட்டியில் சுரீர் என்றது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ இரு, குரங்கு தூக்கிக்கினு போயிடப் போவுது!"

தினகரன் வேட்டியை மடித்துக் கட்டினார். இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார்.

பரிமளா வாயைப் பிளந்தாள்.

"இன்னாம்மா, உன் வூட்டுக்காரரு கொமரப் பையன் கணக்கா ஓடுறாரு!" என்றாள் சரசு.

"அவருக்குக் காலு சரியில்ல..." என்று பழக்கத்தில் சொல்ல வந்த பரிமளா, பாதியில் நிறுத்தினாள்.

எப்போதிலிருந்து சரியில்லை?

போன தையில் கொழுந்தனார் மகள் கல்யாணம். பந்தல் முழுக்க ஜனம் இருக்க, "இன்னா அண்ணி, கெழவியாட்டம் நொண்டிக்கினு வர்ற?" என்று நாத்தனார் கேட்டுவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்த பரிமளா அழுத அழுகைக்கு அளவில்லை. இனி எந்த விசேஷத்துக்கும் வரமாட்டேன் என்று சாதித்தாள். 'எனக்கு ஒண்ணும் இல்ல' என்று முட்டிக்குத் தைலம்கூடத் தடவ மறுத்தாள்.

அந்த வாரம்தான் தினகரனுக்குக் கால் வலி வந்தது. அதற்கப்புறம் எங்கே போனாலும் நாலு எட்டு வைப்பதற்குள் அவர் உட்கார்ந்துவிடுவார். துணைக்கு இவளும் உட்காருவாள். ஊர் சிரித்ததெல்லாம் அவரைப் பார்த்துத்தான்.

நிமிர்ந்து பார்த்தாள். கையில் போனோடு தினகரன் தடதடவென்று இறங்கி வந்துகொண்டிருந்தார். அவள் பார்ப்பதைப் பார்த்ததும் வேகம் சட்டென்று குறைந்தது. ஒரு கை முட்டிக்குப் போனது. மிச்சப் படிகளை நொண்டி நொண்டி இறங்கினார்.

"யப்பா, உயிரு போவுது! இந்தா உன் போனு. சுதா இன்னும் போட்டோ போட்டுகீறா போல, பாரு."

பரிமளா போனை வாங்கினாள். பார்க்காமலே பைக்குள் போட்டாள். படியில் நகர்ந்து இடம் விட்டாள்.

"இப்டி உக்காருங்க. காலு ரொம்ப வலிக்குதுங்க... எனக்கு."