நானோவும் ரஸ்தாளியும்

செடியின் சாரத்தை நானோ உறைக்குள் ஒளித்து, உடம்புக்கே தெரியாமல் புற்றுக்கட்டிக்குள் சேர்ப்பதில் ஆவடியிலேயே தனக்கு நிகர் யாருமில்லை என்பது ஆராய்ச்சி மாணவன் கிஷோரின் தீர்மானம்.

அப்பா வேம்புலி ரஸ்தாளித் துண்டுக்குள் மாத்திரையைத் திணித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா இது? நாய்க்குட்டிக்குப் பண்ற வேலை!"

"கேன்சர் மாத்திரடா. ரெண்டு நாளா தொண்டையத் தாண்டல. இன்னிக்கும் உள்ள போவலன்னா ஆஸ்பத்திரில படுக்கணும்னு டாக்டரம்மா சொல்லிகீறாங்க."

"தண்ணி ஊத்தி முழுங்கணும். அதான் சயின்ஸு."

"சரி, முழுங்கு," என்று வேம்புலி மாத்திரையை உருவி மகனிடமே நீட்டினார்.

மூன்று டம்ளர் தண்ணீர் உள்ளே போனது. மாத்திரை வெளியே வந்தது.

கீமோவில் முடி கொட்டிய தலையைத் துடைத்துக்கொண்ட கிஷோர், அதைத் தானே பழத்துக்குள் ஒளித்து, கண்ணை மூடி விழுங்கினான்.

உடம்புக்குத் தெரியவே இல்லை.