வெறும் துணை

பேராசிரியையான தன் மகள் ஷஃபானாவின் பெருமைக்கு அப்துல் மாலிக் வைத்திருந்த விலை, ஓர் அண்டா பிரியாணி. அவள் பல்கலைக்கழகப் பதிவாளரானால் செங்கல்பட்டு மார்க்கெட்டுக்கே விருந்து என்று சொல்லியிருந்தார்.

"பதிவாளர் வேற ஆளாமே, அண்ணாத்த! உம் பொண்ணுக்கு ஏதோ துணையாம். வெறும் துணை!" பக்கத்துக் கடை தனகோடி சிரித்தான்.

துணைப் பதிவாளரா? முகம் சுருங்கிப்போன மாலிக், மகளுக்குப் போன் போட்டார். "இன்னாம்மா, துணைதான் குடுத்தாங்களா?"

"ஆமா அத்தா, துணைவேந்தர். அந்தப் பதிவாளரே என் கையெழுத்துக்குத்தான் வெளிய காத்துகினு நிக்கிறாரு."

மாலிக் நிமிர்ந்தார். "தனகோடி, கணக்கை மாத்து! பதிவாளருக்கு ஒண்ணு, பரீட்சை அதிகாரிக்கு ஒண்ணு, நிதி அதிகாரிக்கு ஒண்ணு, மூணு பேருக்கும் மேல கீற எம் பொண்ணுக்கு ஒண்ணு. ஆக மொத்தம் நாலு அண்டா. தூக்கறதுக்குத் துணையா நீ வா!"